ரோட் ராஷும் ஐந்தருவி ரோடும்

ரொம்ப நாள் கழிச்சு இந்தப் பக்கம் வர்றேன். ஒட்டடை அடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன் மக்கா. ஊருக்குப் போனப்ப அக்கா வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்தை இங்க இறக்கி வைக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது போலிருக்கு.

சீசனுக்குத் தென்காசி போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே கோபுரக் காத்தும் சாரலும் மூஞ்சில அடிச்சதுல மனசு குளுகுளுன்னு இருந்துச்சு. அக்கா வீட்டுல நுழைஞ்சா ஒரே புகைச்சல். மருமகன் (அக்கா மகன், பதினாறு வயசு) மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு மூலைல உட்கார்ந்திருக்கான். அவன் போனை அத்தான் புடுங்கி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டார். பய செஞ்ச குற்றம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பைக் கேம் விளையாடினது.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, நீயே சொல்லு மாப்ளே. இந்தக் கேமை ஆடி ஆடித்தான் பயலுவ ரோட்டுல பறந்து அடிபட்டுச் சாவுதானுவ. எல்லாத்தையும் தடை பண்ணணும்"னார் அத்தான்.

சரி, பெரியவர் சொல்லுதார்னு தலையாட்டினேன். ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். அதே அத்தான் மருமகனைக் கூப்பிட்டு, "ஏலே, மாமா வந்திருக்கான்லா, பார்டருக்குப் போயி புரோட்டாவும் கோழியும் வாங்கிட்டு வா"ன்னு பைக் சாவியத் தூக்கிப் போட்டார். பய முகத்துல அப்பதான் வெளிச்சம். லைசென்ஸ் கிடையாது. ஹெல்மெட் கிடையாது. பிரானூர் பார்டருக்குப் போற அந்த ரோட்டுல சாயங்கால நேரம் கேரளா லாரியும், தேக்கு ஏத்தின லாரியும், குளிக்க வந்த கூட்டத்து வேனும் எப்படிப் போகும்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

விளையாடுற போனுக்குப் பூட்டு. ஓட்டுற பைக்குக்குச் சாவி. இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பத்தித்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

நாங்க படிக்கிற காலத்துல, 2002 வாக்குல, தென்காசில பிரவுசிங் சென்டர்கள் புதுசா முளைச்ச நேரம். நாங்க போற சென்டர்ல மொத்தம் ஆறு கம்ப்யூட்டர், ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபா. மெயில் பாக்கப் போறோம்னு வீட்டுல சொல்லிட்டுப் போவோம். எங்களுக்கு யாரு மெயில் அனுப்புவா? :-) போனது எல்லாம் ரோட் ராஷ் ஆடத்தான். என் வயசுப் பதிவர்கள் பாதிப் பேருக்கு இந்தப் பேரைப் படிச்சதுமே கை விரல் தன்னால மடங்கும்னு நினைக்கிறேன். சங்கிலியைப் பிடுங்கி அவனையே அடிக்கிறது, பக்கத்துல வர்றவனை எதிர்ல வர்ற காருக்கு நேரா உதைச்சுத் தள்ளுறது, பின்னாடி போலீஸ் சத்தம் கேட்டதும் வயித்தைக் கலக்குறது. சென்டர் வச்சிருந்த அண்ணாச்சி "எலே, கீபோர்டு என் சொத்துலே"ன்னு அலறுவார்.

அந்த கேமோட கதை பிற்பாடுதான் எனக்குத் தெரிஞ்சது. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல இருக்குற எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 1991ல சேகா ஜெனிசிஸ்ங்கிற டிவிப் பெட்டி விளையாட்டு மெஷினுக்காகப் பண்ணினது. ராண்டி பிரீன், டான் கெய்ஸ்லர், வால்ட் ஸ்டைன்னு ஒரு சின்ன டீம். இசை அந்தக் காலத்து கேம் இசைக்குப் பேர் போன ராப் ஹப்பார்ட் கூட்டணி. அந்த மெஷின்ல முப்பரிமாணப் படம் வரையத் தனியா எந்த வசதியும் கிடையாது. வேலை செய்யுற மெமரி வெறும் 64 கிலோபைட். இன்னிக்கு நாம வாட்ஸப்புல அனுப்புற ஒரு குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிசு. அதுக்குள்ள மேடு பள்ளமா, வளைஞ்சு நெளிஞ்சு போற ரோட்டைக் காட்டினாங்க பாருங்க, அதுதான் வித்தை. மேட்டு மேல ஏறுவீங்க, அந்தப் பக்கம் என்ன வருதுன்னு தெரியாது, உச்சிக்குப் போனதும் மூஞ்சிக்கு நேரா ஒரு கார் நிக்கும். கேமோட மொத்தக் கிக்கும் அந்த ஒரு நொடிலதான்.

அப்புறம் 1994ல 3டிஓன்னு ஒரு மெஷினுக்கு அதைப் புதுசா இழைச்சாங்க. அந்த மெஷின் 1993ல கடைக்கு வந்தப்ப விலை 699 டாலர். சவுண்ட்கார்டன் மாதிரி அப்ப உச்சத்துல இருந்த ராக் குழுக்களோட பாட்டெல்லாம் வாங்கிப் போட்டாங்க. ரேஸ் முடிஞ்சதும் நிஜ ஆளுங்க நடிச்ச வீடியோ வரும். அந்த வடிவம்தான் 1996ல விண்டோஸுக்கு வந்துச்சு, அதுதான் சுத்தி வளைச்சு எங்க தென்காசிக்கும் வந்து சேர்ந்துச்சு. அதுவும் எப்படி? வீடியோவையும் பாட்டையும் வெட்டி எறிஞ்சு, யாரோ யாருக்கோ காப்பி போட்டுக் குடுத்த சிடில. 699 டாலர் மெஷினுக்குச் செஞ்ச சாமானை நாங்க இருபது ரூபாய்ல ஆடினோம். செஞ்சவங்களுக்கு எங்ககிட்ட இருந்து நயா பைசா போகல. அந்தப் பாவத்துக்கு இந்தப் பதிவுல அவங்க பேரையாவது சொல்லிட்டேன்.

அமெரிக்காவுல விமர்சனம் எழுதினவங்க ரேஸையும் அடிதடியையும் ஒண்ணா சேர்த்ததுக்குத்தான் அதைக் கொண்டாடினாங்க. 2000ல வந்த ஜெயில்பிரேக்குக்கு அப்புறம் அந்த வரிசை படுத்துருச்சு. அந்த ஏக்கம் தாங்காம ரசிகர்கள்கிட்டயே பணம் திரட்டி, அதே பாணில ரோட் ரிடெம்ப்ஷன்னு ஒண்ணை வேற ஒரு சின்னக் குழு 2017ல கொண்டு வந்துச்சு. அவ்வளவு பிரியம் அந்த கேம் மேல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த கேமை ஆடினவங்க ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. அதுல எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. போலீஸ் பிடிச்சா அபராதம். பைக் அடிபட அடிபட ஒரு மீட்டர் குறைஞ்சுக்கிட்டே வரும், தீர்ந்தா ரேஸ் முடிஞ்சது, ரிப்பேர் பில் கட்டணும். கையில காசில்லேன்னா ஆட்டமே க்ளோஸ். இவ்வளவு கணக்குப் பாக்குற கேமுல ஒரே ஒரு இனத்துக்கு மட்டும் பில் கிடையாது. ஓட்டுறவன் உடம்புக்கு.

காருல மோதி இருபது அடி தள்ளி விழுவான். உருளுவான். எந்திரிப்பான். பைக் எங்க கிடக்கோ அங்க குடுகுடுன்னு ஓடுவான். ஓடுறப்ப இன்னொரு கார் அடிச்சாலும் மறுபடி எந்திரிச்சு ஓடுவான். நாங்க ரொம்ப ரசிச்சது அந்த ஓட்டத்தைத்தான். "ஓடுலே ஓடுலே"ன்னு ஆறு கம்ப்யூட்டர்லயும் கத்துவோம்.

2003 ஜூலை. நல்ல சீசன். நானும் ரெண்டு கூட்டாளிகளும் பேரருவில குளிச்சுட்டு ஐந்தருவிக்குக் கிளம்பினோம். ரெண்டு பைக். ஒருத்தன் (பேர் வேண்டாம்) அவங்க சித்தப்பாவோட ஸ்பிளெண்டர்ல தனியா, நானும் இன்னொருத்தனும் மத்த பைக்ல. யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. குளிக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் மசாஜ் வேற பண்ணியிருந்தோம், அருவில நின்னாலும் அந்த எண்ணெய் முழுசா எங்க போகுது? கைப்பிடி வழுக்குது. ஹெல்மெட்டா? ஈரத் தலையில போட்டா சளி பிடிக்கும்னு எங்க ஊர்ல ஒரு வைத்தியம் உண்டு. தலையில துண்டைக் கட்டிக்கிட்டோம்.

ரேஸ்னு யாரும் சொல்லல. அவன் திரும்பிப் பாத்துச் சிரிச்சான், நாங்க முறுக்கினோம், அவ்வளவுதான். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மேல மரம் மூடியிருக்கும், கீழ ஈர இலை ஒட்டிக் கிடக்கும், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது. கேமுல இல்லாத சங்கதியா குரங்கு வேற குறுக்க வரும். அன்னிக்கு வந்தது குரங்கு இல்ல, வேன். அவன் பிரேக்கைப் பிடிச்சான். வண்டி சாஞ்சு, இவன் தார்மேல இழுத்துக்கிட்டே போய் ஓரத்துல நின்னான். வேன் இடிக்கக்கூட இல்ல. அதுதான் எங்க அதிர்ஷ்டம்.

நான் பண்ணின காரியத்தை இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. வண்டியை நிறுத்திட்டு, ஒரு நாலஞ்சு நொடி சும்மா நின்னு பாத்தேன். அவன் எந்திரிச்சு வருவான்னு. நெசமாவே அப்படித்தான் நினைச்சேன். எந்திரிக்கல.

வலது முழங்கைல இருந்து இடுப்பு வரைக்கும் தோல் இல்ல. முழங்கால் சில்லு உடைஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரில அவன் அலறினது முழங்காலுக்கு இல்ல, தோலுக்கு. காயத்துக்குள்ள போன தாரையும் பொடிக்கல்லையும் தேய்ச்சுக் கழுவி எடுக்கணும், விட்டா சீழ் பிடிக்கும், இல்லேன்னா பச்சை குத்தினாப்புல உள்ளயே தங்கிடும்னாங்க. வெளிய வராண்டால நின்னுக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டோம். எவ்வளவு தேய்ச்சும் கொஞ்சம் தங்கத்தான் செஞ்சுது. இன்னிக்கும் அவன் முழங்கைல நீலமும் கறுப்புமா புள்ளி புள்ளியா இருக்கும். ஐந்தருவி ரோடு.

அவனுக்கு போலீஸ் வேலைன்னா உசிரு. எங்க பக்கம் பாதிப் பயலுவளுக்கு அப்படித்தான். உயரம் இருந்துச்சு, மார்பு இருந்துச்சு. ஆனா அந்த வேலைக்கு 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துல ஓடி முடிக்கணும். அவன் முழங்கால் முழுசா மடங்காது. இப்ப ஒரு மர அறுவை மில்லுல கணக்கு எழுதுதான். நல்லாத்தான் இருக்கான், கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க. ஆனா கீழ விழுந்தவன் எந்திரிச்சு ஓடுறதைப் பாத்துக் கைதட்டின கூட்டத்துல, விழுந்ததுக்கு அப்புறம் ஓடவே முடியாமப் போனவன் அவன்.

ரோட் ராஷ்ங்கிற பேருக்கு அர்த்தம் என்னன்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. ராஷ் டிரைவிங்னு சொல்லுவாங்கல்ல, அதுன்னு நினைச்சிருந்தோம். ரொம்ப வருஷம் கழிச்சு சென்னைல ஒரு பைக் ஜாக்கெட் விளம்பரத்தைப் படிச்சப்பதான் தெரிஞ்சது, அது காயத்தோட பேரு. ரோட்டுல விழுந்து தேஞ்சு தோல் உரியுற சிராய்ப்புக்கு இங்கிலீஷ்ல பேச்சு வழக்குல அதுதான் பேர். கேம் செஞ்சவங்க அட்டை மேலேயே பெரிய எழுத்துல எழுதித்தான் குடுத்திருக்காங்க. நாங்கதான் அட்டையே இல்லாத சிடில ஆடினோம்.

அப்ப அத்தான் சொல்றது சரிதானேன்னு கேப்பீங்க. கேம்தானே கெடுத்துச்சு?

நானும் ரொம்ப நாள் அப்படி நினைச்சேன். ஆராய்ச்சியும் இருக்கு. 2007ல ஜெர்மனில பீட்டர் ஃபிஷர் குழு பண்ணின சோதனைல, ரேஸ் கேம் ஆடின ஆம்பளைங்க ஆடி முடிச்ச கையோட, திரையில காட்டின போக்குவரத்துச் சூழ்நிலைகள்ல அதிகமா ரிஸ்க் எடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. அதை நான் மறைக்கல. ஆடி முடிச்ச சூட்டோட வண்டியைத் தொடாதேன்னு எந்தப் பயலுக்கும் சொல்லுவேன். ஆனா அந்தச் சோதனை கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சுப் பாத்தது, நிஜ ரோட்டுல நடந்த விபத்தை எண்ணினது இல்ல. எங்க விஷயத்தையே எடுத்துக்குவோம். கேம் எனக்குக் குடுத்தது அந்த நாலஞ்சு நொடி முட்டாள்தனம். பதினேழு வயசுப் பயல் கைல ஸ்பிளெண்டர் சாவியக் குடுத்தது கேம் இல்ல, அவன் சித்தப்பா. எண்ணெய்க் கையும், ஈர இலையும், தலைத்துண்டும் கேமுல இருந்து வரல.

சுத்தமா கேமே தெரியாத ஆளுங்களும்தானே சாவுறாங்க. மத்திய அரசுக் கணக்குப்படி 2022ல நாட்டுலேயே அதிக சாலை விபத்து நடந்தது நம்ம தமிழ்நாட்டுல, 64,105. செத்தவங்க 17,884 பேர். நாடு முழுக்க அந்த வருஷம் செத்த 1,68,491 பேர்ல நூத்துக்கு நாப்பத்திநாலு பேருக்கு மேல ரெண்டு சக்கர வண்டில போனவங்க. ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029. இந்த அம்பதாயிரம் பேரும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் ஆடினவங்களா அத்தான்?

ரேஸே தப்புன்னும் நான் சொல்ல வரல. 2024 ஆகஸ்ட் கடைசில சென்னை தீவுத்திடலைச் சுத்தி மூணரைக் கிலோமீட்டருக்கு ராத்திரி ரேஸ் நடத்தினாங்களே, அதுவும் ஸ்ட்ரீட் ரேஸ்தான். மழைனால பிராக்டிஸே தள்ளிப் போச்சு. ரோட்டை அடைச்சு, ரெண்டு பக்கமும் தடுப்பு வச்சு, ஆம்புலன்ஸும் டாக்டரும் நிறுத்தி, ஓட்டுறவன் உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் ஓட்டினான். எதிர்ல ஒரு வேன் கூட வராது. ரோட் ராஷோட கிக்கே எதிர்ல கார் வர்றதுலதான் இருக்கு. அந்தக் கிக் வேணும்னா அதுக்குச் சரியான இடம் கம்ப்யூட்டர்தான், ஐந்தருவி ரோடு இல்ல. அதனாலதான் சொல்றேன், கேமைப் பூட்டிச் சாவியக் குடுக்குறது தலைகீழ் வைத்தியம்.

இதைத்தான் அன்னிக்கு அக்கா வீட்டுலயும் சொன்னேன். பய சாவியோட வாசலுக்குப் போறதுக்குள்ள வாங்கி என் பைல போட்டுக்கிட்டேன். பதினாறு வயசுல கியர் இல்லாத அம்பது சிசி வண்டிக்குத்தான் லைசென்ஸ், மத்ததுக்குப் பதினெட்டு ஆகணும். 2019ல திருத்தின சட்டப்படி சின்னப் பயல் ஓட்டி மாட்டினா வண்டிக்காரருக்கு 25,000 ரூபா அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அந்தப் பயலுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸே கிடையாதுன்னும் சொன்னேன்.

"எங்க ஊர்ல எவன்டே பிடிக்கான்?"னார் அத்தான்.

"பிடிக்காததுதான் அத்தான் பிரச்சினை"ன்னேன்.

அவருக்குக் கோபம். "அப்ப புரோட்டா?"ன்னார். கேட்டது நியாயம்தான் :-) நானும் மருமகனும் பஸ்ல போய் வாங்கிட்டு வந்தோம். திரும்பி வர்றப்ப மழை பிடிச்சுக்கிச்சு, புரோட்டா ஆறிப் போச்சு, அதுக்கும் நாந்தான் திட்டு வாங்கினேன்.

போற வழில அவன் கேம் பத்திக் கேட்டேன். இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டியாம், நம்ம ஊர் பைக்கெல்லாம் வருதாம், கேமுக்குள்ளயே ஒரு போன் இருக்கும், நம்பர் போட்டா பைக் வந்து நிக்குமாம். கண்ணு விரியச் சொன்னான். "விழுந்தா என்னடே ஆகும்?"னேன். "எந்திரிச்சுக்கலாம் மாமா"ன்னான்.

மறுநாள் அவனைக் கூட்டிட்டு மில்லுக்குப் போனேன். கூட்டாளி டீ வாங்கிக் குடுத்தான். நான் ஒண்ணும் சொல்லல, அவனா சட்டைக் கையை மடிச்சு அந்தப் புள்ளியக் காட்டினான். பய தொட்டுப் பாத்தான். "இது போகவே போகாதா மாமா?"ன்னு கேட்டான். "சோப்புப் போட்டுத் தேய்ச்சுத்தான் பாக்குதேன்"னு சிரிச்சான் அவன். பய மண்டைல ஏறுச்சா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. பதினாறு வயசுல என் மண்டைல எதுவும் ஏறினதில்ல. ஆனா கிளம்புறப்ப அக்கா ஒண்ணு பண்ணினா. போனை பீரோல இருந்து எடுத்துப் பயகிட்ட குடுத்துட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல தொடக் கூடாதுன்னா. பைக் சாவிய அதே பீரோல வச்சுப் பூட்டினா. அத்தான் ஒண்ணும் பேசல. அது போதும் எனக்கு.

உங்க வீட்டுல எது பீரோல இருக்கு, எது ஆணில தொங்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்லுங்க மக்கா.

டிஸ்கி 1: "எங்களையும் கெடுத்தது அந்த கேம்தான்"னு சண்டைக்கு வர்றவங்க வரலாம். ஆனா சாவி யாருதுன்னு சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

டிஸ்கி 2: சீசனுக்குக் குற்றாலம் வர்ற பதிவர்களே, குளிச்சுட்டு தலையைத் துவட்டி, கையில எண்ணெய் போகத் தேய்ச்சுக் கழுவிட்டு, ஹெல்மெட் போட்டுட்டே வண்டியை எடுங்க. சளி பிடிச்சா சுக்குக் காப்பி இருக்கு.